ஊருக்குப் பொதுவான மென்பொருள்

(மரக்காணம் உப்பளக் கரையோர ஊராட்சி உறுப்பினர்களிடமும் உழவர்களிடமும் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினி மென்பொருள். உப்புப் பாத்திக்கும் நெல் வயலுக்கும் இடையே வாழும் மக்களிடம் இதைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்துக்கு முதலிலேயே விடை கூறிவிடுவது நல்லது.

1980-ஆம் ஆண்டு வரை நம் கிராமங்களின் கணக்கு பரம்பரைக் கர்ணத்தின் வசம் இருந்தது. யார் நிலம் எவ்வளவு, யார் தீர்வை எவ்வளவு என்பதெல்லாம் அவருடைய புத்தகத்தில் இருந்தன. அவருள் நல்லவர் பலர் உண்டு. ஆயினும் புத்தகம் அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அதில் எழுதியுள்ளதைப் படிக்கவும் பொருள் கூறவும் அவர் ஒருவரே வல்லவராய் இருந்தார். ஊரின் கணக்கு ஊராருக்கு எட்டாமல் இருந்த நிலை அது. அந்தப் பரம்பரை முறை 1980-இல் ஒழிந்தது. இன்று ஊராட்சியின் வரவு செலவு, வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, பயனாளிகள் பட்டியல் ஆகிய யாவும் கணினிக்குள் புகுந்துவிட்டன. அந்தக் கணினிக்குள் இருக்கும் புத்தகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? இதுவே நாம் இன்று கேட்க வேண்டிய கேள்வி. இக்கேள்வி பட்டணத்துப் பொறியாளருக்கு மட்டும் உரியதன்று; ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உரியது.

மென்பொருள் என்பது யாது?

கணினி ஓர் இயந்திரம். எதைச் செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அக்கட்டளைகளை முதலில் மனிதர் படிக்கத்தக்க முறையில் எழுதுகிறார்கள். அதற்கு மூல நிரல் என்று பெயர். பின்னர் அது இயந்திரம் மட்டுமே அறியத்தக்க வடிவுக்கு மாற்றப்படுகிறது. இயந்திர வடிவை மட்டும் வைத்துக்கொண்டு அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டறிவது மிகக் கடினம்.

பல நிறுவனங்கள் இயந்திர வடிவை மட்டும் கொடுத்து, மூல நிரலைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. வாங்கியவர் அதைத் திறந்து பார்க்கலாகாது, திருத்தலாகாது, படியெடுத்துப் பக்கத்து ஊருக்குக் கொடுக்கலாகாது. நாம் காசு கொடுத்து வாங்கியது மென்பொருளை அன்று, அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே.

இதற்கு மாறான வழி ஒன்றும் உண்டு. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எல்லோரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் தக்க மென்பொருள்களைத் தொகுதியாக உருவாக்கும் ‘குனு’ என்னும் முயற்சியை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், ‘லினக்ஸ்’ என்னும் அடிப்படை மென்பொருளை எழுதி உலகுக்கு அளித்தார். இவ்விரண்டும் இணைந்து வளர்ந்த மரத்தின் நிழலில்தான் இன்று உலகின் பெரும்பாலான இணையச் சேவைகள் இயங்குகின்றன. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியிலும் லினக்ஸ்தான் இருக்கிறது. ஆதலின் இது நமக்கு முற்றிலும் புதிய பொருள் அன்று. பெயர் தெரியாமல் நாம் நாள்தோறும் கையாண்டு வரும் பொருளே.

இத்தகைய மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்றும், திறமூல மென்பொருள் என்றும் வழங்குகிறோம். இதைப் பெற்றவருக்கு நான்கு உரிமைகள் உண்டு. எக்காரியத்துக்கும் பயன்படுத்தலாம். எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்ந்து தம் தேவைக்கேற்பத் திருத்தலாம். படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். திருத்திய வடிவையும் பிறருக்கு வழங்கலாம்.

விதைநெல் காட்டும் வழி

உழவர்களுக்கு இதை விளக்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. விதையையே எடுத்துக்கொள்வோம். நம் முன்னோர் ஓர் ஆண்டின் விளைச்சலில் நல்ல கதிரைத் தேர்ந்து, மறு ஆண்டுக்கு விதையாக வைத்தார்கள். அண்டை வீட்டாருக்கும் கொடுத்தார்கள். வீரிய ஒட்டு விதை வந்தபின் ஒவ்வோர் ஆண்டும் கடைக்குப் போக வேண்டிய நிலை வந்தது. அந்த விதை விளைச்சல் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுத்த ஆண்டின் விதைப்பு நம் கையில் இல்லை. நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டு பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விளைந்ததைச் சேமிக்கவும், விதைக்கவும், பகிரவும், விற்கவும் உழவருக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. முத்திரையிட்ட விதையாக விற்பது மட்டும் அதற்கு விலக்கு. அப்படி ஓர் உரிமையைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்ததே, அது எவ்வளவு அருமையானது என்பதைக் காட்டும்.

திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் ஜெயராமன் அவர்கள் நடத்திய நெல் திருவிழாவை நீங்கள் அறிவீர்கள். 2018-இல் மறைந்த அப்பெருமகனார் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிக் காத்தார். திருவிழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதை வழங்கப்படும். அவர் அதை விளைவித்து மறு ஆண்டில் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கு வழங்கிய ஏற்பாடு. அந்த ஓர் ஏற்பாட்டினால் விதை ஒருவரிடம் முடங்காமல் ஆயிரம் வயல்களுக்குப் பரவிற்று.

கட்டற்ற மென்பொருளின் உரிமங்களுள் புகழ்பெற்றதான குனு பொது உரிமமும் ஏறத்தாழ இதே நெறியைக் கொண்டது. 1989-இல் முதன்முதல் வெளியான அவ்வுரிமம் சொல்வது இதுதான்: எடுத்துக்கொள், பயன்படுத்து, மேம்படுத்து, ஆனால் மேம்படுத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது, நீ பெற்ற அதே உரிமைகளோடு கொடு, கதவை அடைத்துவிடாதே. பொதுவிலிருந்து எடுத்தது பொதுவுக்கே திரும்ப வேண்டும் என்னும் இந்த நியாயம் நம் கிராமத்துக்குப் பழகிய நியாயம். ஏரியைத் தூர்வாரவும் மதகைச் செப்பனிடவும் வீட்டுக்கு ஓராள் வந்த குடிமராமத்து முறையும் இந்த நியாயத்தின் மேல்தான் நின்றது.

உப்பு கற்பித்த பாடம்

உப்பளக் கரையில் நின்று பேசும்போது வேறொரு பாடத்தையும் நினைவுகூர வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் கடல் நம் வாசலில் இருந்தது. வெயில் நம் தலைமேல் இருந்தது. உழைக்கும் கைகளும் நம்முடையவை. ஆயினும் அனுமதியின்றி உப்பு எடுப்பது குற்றம். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் காந்தியடிகள் ஒரு பிடி உப்பை எடுத்தார். அதே மாதம் 13-ஆம் நாள் இராஜாஜி அவர்கள் திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் புறப்பட்டு, 30-ஆம் நாள் வேதாரண்யத்தில் உப்புச் சட்டத்தை மீறினார். அங்கே கேட்கப்பட்டது மலிவான உப்பு மட்டுமன்று. நம் நீரிலும் நம் உழைப்பிலும் விளைந்ததன்மேல் நமக்கு உரிமை உண்டா இல்லையா என்பதே கேள்வியாக இருந்தது.

மென்பொருளை அந்தப் போராட்டத்தோடு ஒப்பிடுவது மிகையாகும். மென்பொருளைக் கொள்ளும்படி யாரும் நம்மைச் சிறைக்கு அனுப்புவதில்லை. எனினும் ஒரு கருத்து இரண்டுக்கும் பொது. விலை குறைவாயிருப்பது வேறு. உரிமை இருப்பது வேறு. ‘இலவசம்’ என்னும் சொல் இங்கே நம்மை ஏமாற்றிவிடக்கூடும். சில நிறுவனங்கள் தம் மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. நாம் பழகிய பிறகு கட்டணம் கேட்கின்றன. கட்டற்ற மென்பொருளுக்கோ காசு கொடுத்தும் ஆளமர்த்திப் பணி செய்விக்கலாம். நாம் நாடுவது காசில்லாப் பண்டம் அன்று. கையில் கட்டில்லாப் பண்டம்.

கட்டுள்ள பண்டத்தால் வரும் இடர்

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். விண்டோஸ் எக்ஸ்பி என்னும் மென்பொருளுக்கு அதன் நிறுவனம் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 10 என்பதற்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. நிறுவனத்துக்கு அதற்கான காரணங்கள் இருக்கலாம். அதன் பொருளை அது நிறுத்துவது அதன் உரிமை. ஆனால் அலுவலகத்து மேசைமேல் இருக்கும் கணினியின் கதி என்ன? இயந்திரம் நன்றாகவே ஓடுகிறது. புதிய பதிப்போ அதில் ஏற மறுக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் ஊராட்சிக் கணக்கை வைத்திருப்பது, பூட்டில்லாத பெட்டியில் பணத்தை வைப்பதற்கு ஒப்பாகும். நல்ல மாடு கொட்டிலில் நிற்க, கயிறு அறுந்தது என்பதற்காக வேறு மாடு வாங்குவார் உண்டோ?

இத்தகைய பழைய கணினிகளிற் பெரும்பாலானவற்றில் லினக்ஸ் வகைகளுள் இலேசான ஒன்றை நிறுவினால், அவை மேலும் சில ஆண்டுகள் எழுதவும் கணக்குப் பார்க்கவும் இணையத்தில் செல்லவும் பயன்படும். உரிமக் கட்டணம் இல்லை. பத்துக் கணினிக்கும் ஒரே படியைப் பயன்படுத்தலாம்.

மற்றோர் இடர் எழுத்து பற்றியது. முன்னாளில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியீட்டில் தமிழ் எழுத்துருக்களைச் செய்தது. ஒரு கணினியில் தட்டச்சிட்ட தீர்மானம் வேறொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதை நம் அலுவலகங்களில் கண்டவர் பலர். எழுத்துரு இல்லையேல் ஆவணமும் இல்லை என்னும் நிலை அது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஆவணங்களைச் சேமிக்கும் முறையிலும் ‘திறந்த ஆவண வடிவம்’ என ஒன்று 2006-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. அவ்வடிவில் வைத்த கோப்பைத் திறக்க எந்த ஒரு நிறுவனத்தின் தயவும் வேண்டியதில்லை. இருபது ஆண்டு கழித்து நம் பிள்ளைகள் ஊராட்சித் தீர்மானத்தைப் படிக்க வேண்டுமானால் இத்தகைய தரங்களே துணை.

நம் நாட்டில் நடந்தவை

இவையெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டா. தமிழில் தட்டச்சிட ‘எ-கலப்பை’ என்னும் மென்பொருளைத் தன்னார்வத் தமிழர்கள் செய்து பொதுவில் வைத்தார்கள். உழவனின் கருவிப் பெயரையே அதற்குச் சூட்டியது எவ்வளவு பொருத்தம்! எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றுக்குப் பயன்படும் லிப்ரெ ஆபீஸ், இணையத்தைக் காட்டும் பயர்பாக்ஸ் முதலியவற்றின் பட்டியல்களும் கட்டளைகளும் தமிழிலேயே கிடைக்கின்றன. ஒரு நிறுவனம் ‘உங்கள் மொழியில் ஆதாயம் இல்லை’ என்று கைவிட்டால் அங்கே நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. கட்டற்ற மென்பொருளிலோ நாமே மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். சிறிய மொழிகளும் சிறிய ஊர்களும் பிறர் தயவுக்குக் காத்திராமல் இருப்பதற்கு இதனினும் சிறந்த வழி இல்லை.

2005-இல் சென்னையில் கட்டற்ற மென்பொருளுக்கெனத் தேசிய வள மையம் ஒன்று அமைந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையமும் அதில் பங்கு கொண்டன. அம்முயற்சியின் பயனாக 2007-இல் ‘போஸ்’ என்னும் லினக்ஸ் வகை வெளிவந்தது. இந்திய மொழிகளில் இயங்குவது அதன் சிறப்பு. 2011-இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளிலும் அது இடம்பெற்றது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதைக் கண்டிருப்பர். கண்டும் திறவாமல் விட்டவரும் உண்டு. அதற்குக் காரணம் மென்பொருளின் குறையன்று, கற்பிக்க ஆளில்லாமையே என்பது நம் எண்ணம்.

கற்பித்தால் என்ன நேரும் என்பதைக் கேரளம் காட்டியிருக்கிறது. அங்கே 2001-இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டம், படிப்படியாக முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிற்று. ஆசிரியர்களுக்கே முதலில் பயிற்சி அளித்தார்கள்; அவர்களே பாடத்துக்கேற்ற மென்பொருள்களைத் திரட்டித் தம் மொழியில் அமைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் உரிமம் வாங்கும் செலவும் இல்லாது போயிற்று. மத்திய அரசும் 2015-இல் தன் அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கு முதலிடம் அளிக்கும் கொள்கையை வெளியிட்டது.

நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கி, கிராமத்து மாணவருக்கும் இளைஞருக்கும் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகிறது. தெற்கே புதுச்சேரியிலும் இத்தகைய இயக்கம் உண்டு. தமிழில் படிக்க விரும்புவோர்க்கு 2012 முதல் ‘கணியம்’ என்னும் மின்னிதழ் இருக்கிறது. ஆகவே ஆசிரியரைத் தேடி நாம் அயலூர் போக வேண்டியதில்லை.

பெருங்காற்றும் பேரலையும் வந்தபோது

கடற்கரை மக்களுக்கு இப்பொருள் இன்னும் நெருக்கமானது. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலையின் உயரம் பற்றிய செய்தியை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று பேரலை வந்தபோது, நல்லவாடு என்னும் மீனவ ஊரில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை அந்நிலையத்தின் ஒலிபெருக்கி ஊர் முழுதும் அறிவித்தது. மக்கள் ஓடித் தப்பினர். அங்கே உயிர் காத்தது விலையுயர்ந்த இயந்திரம் அன்று. ஊரார் தம் கையில் வைத்துத் தாமே இயக்கத் தெரிந்திருந்த எளிய கருவி. இதை ஊன்றி நினைக்க வேண்டும்.

அதே பேரலை இலங்கையைத் தாக்கியபோது, காணாமற் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே என்ன உதவி தேவை என்று அறியும் வழியின்றி அந்நாடு திகைத்தது. அங்குள்ள மென்பொருளாளர்கள் தன்னார்வமாகக் கூடி, இவற்றைப் பதியும் ‘சகானா’ என்னும் மென்பொருளைச் சில நாட்களில் உருவாக்கிப் பொதுவில் வைத்தார்கள். பூட்டி வைத்திருந்தால் அது அந்த நாட்டோடு முடிந்திருக்கும். பொதுவில் வைத்ததால் 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது எடுத்தாளப்பட்டது. ஓர் ஊர் அழுத கண்ணீரிலிருந்து பிறந்த கருவி மற்றோர் ஊரின் கண்ணீரைத் துடைத்தது. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போதும் தன்னார்வத் தொண்டர்கள் அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்போடு சேர்ந்து, மீட்பு வேண்டுகோள்களைப் பதியும் திறமூல இணையத்தளத்தை நடத்தினார்கள். தொலைவில் இருந்தவர்களும் அதன் நிரலைப் படித்துப் பிழை திருத்தி உதவ முடிந்தது.

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அப்பெருமழை நம் மாவட்டத்துக்கு இழைத்த துன்பத்தை நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. இத்தகைய வேளையில் முதற்கண் எழும் கேள்விகள் எவை? எந்த அளத்தில் நீர் புகுந்தது? எந்தக் குடும்பம் வேலை இழந்தது? எந்த ஏரிக்கரை உடைந்தது? இவற்றுக்கு விடை ஊராட்சியிடம் அன்றே ஆயத்தமாக இருந்தால் நிவாரணம் விரைவில் வரும். இல்லையேல் கணக்கெடுப்பிலேயே வாரங்கள் கழியும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

இனி நாம் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, ஊரின் வரைபடம். ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்பது 2004-இல் தொடங்கிய பொது உலக வரைபடம். எவரும் தம் ஊரின் தெருவையும் குளத்தையும் கிணற்றையும் அதில் குறிக்கலாம். பெருநிறுவனத்தின் வரைபடத்தில் கடையும் உணவு விடுதியும் முந்தி வரும். வரத்துக் கால்வாயும் சுடுகாட்டுப் பாதையும் பிந்தி வரும் அல்லது வாராமலே போகும். நம் வரைபடத்தில் நமக்கு வேண்டியதை நாமே குறிக்கலாம். அளத்துக்கு நீர் வரும் வாய்க்கால், மழைநீர் வடியும் ஓடை, கழுவேலி ஏரியை நோக்கிச் செல்லும் வரத்துகள், புயலில் ஒதுங்கத்தக்க உயர்ந்த கட்டிடம் ஆகியவற்றைப் பள்ளி மாணவரே கைப்பேசியுடன் நடந்து குறித்துவிடுவர். ‘கியூஜிஐஎஸ்’ என்னும் கட்டற்ற மென்பொருளில் அவற்றை அடுக்கி, எவ்விடம் தாழ்வு, எவ்விடம் மேடு என்று காணலாம். 2021-இல் கழுவேலி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு, நீர்நிலையின் எல்லையும் மக்களின் பிழைப்பும் ஒருங்கே பேசப்படும் இடங்களில் இத்தகைய வரைபடம் ஊராரின் பேச்சுக்கு வலிமை தரும். ஆனால் இது பட்டாவுக்கும் வருவாய்த் துறையின் புலப்படத்துக்கும் ஈடாகாது என்பதை மறவாதீர்.

இரண்டாவது, உழைப்போர் பதிவேடு. ஐப்பசி கார்த்திகை மழையில் அளங்கள் நீரில் மூழ்கிக் கிடக்கும்போது உப்பளத் தொழிலாளிக்கு வேலை இல்லை. இதைக் கருதித் தமிழ்நாடு அரசு 2022-இல், மழைக்காலத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. எந்த நிவாரணமும் பட்டியலில் பெயர் உள்ளவருக்கே சேரும். கங்காணியின் குறிப்பேட்டில் மட்டும் இருக்கும் பெயர், அரசின் கண்ணுக்குத் தெரியாத பெயர். பெண்களின் பெயர் அக்குறிப்பேட்டிலும் விட்டுப்போவது உண்டு. ஊராட்சியே லிப்ரெ ஆபீஸ் கணக்குத் தாளில் ஒரு பதிவேட்டை வைத்து, ஆண்டுதோறும் திருத்தி வந்தால், விட்டுப்போனவர் யார் என்று அலுவலகத்தில் எடுத்துக்காட்டலாம்.

மூன்றாவது, ஒப்பந்தத்தில் கவனம். குடிநீர்க் கணக்குக்கோ, வரி வசூலுக்கோ, விவசாயச் சங்கத்தின் வரவு செலவுக்கோ தனியாக மென்பொருள் செய்விக்க நேர்ந்தால், ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கக் கேளுங்கள்: மூல நிரல் நம்மிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், தரவு முழுவதும் திறந்த வடிவில் எப்போது கேட்டாலும் கிடைக்க வேண்டும், பிற ஊராட்சிகளுக்கு அதைக் கொடுக்க நமக்கு உரிமை வேண்டும். பொதுப் பணத்தால் செய்த நிரல் பொதுவுக்கே உரியது என்னும் கோரிக்கையை 2017 முதல் ஐரோப்பாவில் ஓர் இயக்கமாகவே நடத்தி வருகிறார்கள். நம் ஊராட்சி கட்டிய பாலத்தில் அடுத்த ஊரார் நடக்கலாகாது என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் நாம் ஏற்போமா? ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி செய்வித்தது எல்லா ஊராட்சிகளுக்கும் பயன்பட்டால் செலவு எத்துணை குறையும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, இளைஞர் வட்டம். ஒவ்வோர் ஊரிலும் நான்கைந்து இளைஞர், இளம்பெண்கள் நூலகத்திலோ பள்ளியிலோ வாரத்தில் ஒரு நாள் கூடட்டும். பழைய கணினியைத் திறந்து பார்க்கட்டும். லினக்ஸ் நிறுவிப் பழகட்டும். திறந்து பார்க்கக் கூடிய பொருளில்தான் கற்பவன் கைவினைஞன் ஆவான். மூடிய பொருளில் அவன் என்றும் வாடிக்கையாளனே. மூல நிரலைப் படித்துப் பழகிய பிள்ளைக்கு நாளை அதுவே தொழிலாகவும் அமையலாம். உப்பளத்திலும் வயலிலும் உழைப்பது இழிவன்று. ஆனால் உழைப்பாளியின் மகளுக்கு வேறொரு கதவும் திறந்திருக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

நன்மைகளை மட்டும் சொல்லிக் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. கட்டற்ற மென்பொருளுக்கு உரிமச் செலவு இல்லையே தவிர, உழைப்புச் செலவு உண்டு. புதிய முறையைக் கற்க நாட்கள் ஆகும். சில அச்சுப்பொறிகளும் வருடிகளும் லினக்ஸில் எளிதில் இணையா. வாங்குமுன் கேட்டறிய வேண்டும். அரசின் சில பணிகளுக்குக் குறிப்பிட்ட மென்பொருளே வேண்டியிருந்தால், அதற்கென ஒரு கணினியை அப்படியே விட்டு வைப்பதில் தவறில்லை. எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் மாற்றிவிட முனைவது கூடாது. ஒன்றில் தொடங்கி, ஆறு திங்கள் பழகி, பிறகு அடுத்ததற்குச் செல்வதே நன்று. ஒருவருக்கு மட்டும் கற்பித்தால் அவர் ஊரை விட்டுப் போனதும் யாவும் நின்றுபோகும், இருவருக்கேனும் கற்பியுங்கள். இல்லையேல் புதிய கர்ணத்தை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

மற்றொன்று மிக முக்கியமானது. மென்பொருள் திறந்திருக்கலாம், மக்களின் சொந்த விவரங்கள் திறந்திருக்கலாகா. ஆதார் எண், வங்கிக் கணக்கு, நோய் விவரம் ஆகியவற்றைப் பொதுவில் வைப்பது பெரும் பிழை. தொழிலாளர் பதிவேட்டைக் கடவுச்சொல்லிட்டுக் காக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு விவரமும் கேட்கலாகாது. வீட்டின் கட்டுமான முறையை ஊரறியச் சொல்லலாம். அதற்காக வீட்டுச் சாவியைத் தெருவில் போடுவதில்லை. பதிவேட்டின் படி ஒன்றை வேறிடத்தில் பத்திரமாக வைப்பதும் இன்றியமையாதது. புயலும் வெள்ளமும் வரும் கரையில் ஒரே கணினியை நம்பலாகாது.

முடிவுரை

அன்பர்களே! உப்புப் பாத்தியில் ஒருவர் வரப்பு உடைந்தால் அடுத்தவர் பாத்தியும் கெடும். ஒருவர் நீரைத் தேக்கிக்கொண்டால் அடுத்தவருக்கு உப்பு விளையாது. ஆகையால்தான் அளத்தில் வாய்க்கால் எப்போதும் பொதுவாக இருக்கிறது. உப்பு அவரவர் உழைப்புக்கு உரியது. வாய்க்கால் எல்லோருக்கும் உரியது. மென்பொருளையும் அவ்வாறே கருதும்படி உங்களை வேண்டுகிறோம். அதைக்கொண்டு அவரவர் செய்யும் தொழிலின் பயன் அவரவருக்கே ஆகட்டும். ஆனால் அடித்தளமாக ஓடும் வாய்க்கால் ஒருவர் பூட்டுக்குள் அடங்காமல் இருக்கட்டும்.

நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இதைப் பொருள்நிரலில் சேர்த்துப் பேசுங்கள். ஊராட்சியின் விவரங்கள் எந்தக் கணினியில், எந்த மென்பொருளில், எந்த வடிவில் இருக்கின்றன. அவற்றின் படி நம்மிடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். அக்கேள்விக்கு எழுத்தில் விடை பெறுவதே நல்ல தொடக்கம். பிறகு ஒரு பழைய கணினி, இரண்டு இளைஞர், ஒரு வரைபடம் என்று அடியெடுத்து வையுங்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதன்று. இந்தத் தேருக்கும் வடம் ஆயத்தமாயிருக்கிறது. கை வைப்பதே நம் கடமை.